துவிதக் கோப்புகளும் வாசிப்பின் இலக்கணமும்: இரு செய்நிரற் கருவிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

எழுதியவன் மறைந்த பின்னரும் எழுத்து நிலைக்கும் என்பது எழுத்துப் பண்பாடு தோன்றிய காலந்தொட்டு மனிதர் கொண்டிருக்கும் நம்பிக்கையாகும். கணனியின் வருகைக்குப் பின்னர் இந்நம்பிக்கை புதியதொரு சோதனைக்கு உள்ளாகியுள்ளது. கணனிக் கோப்பொன்று சிறிதுஞ் சிதையாது முழுமையாக நம் கையில் இருக்கலாம். ஆயின் அதனை எழுதிய செய்நிரல் வழக்கொழிந்து, அதன் அமைப்பை விளக்கும் ஆவணமும் கிடைக்காதவிடத்து, அக்கோப்பு பொருள் விளங்காத எண்களின் வரிசையாகவே எஞ்சுகின்றது. ஏடு செல்லரித்தமையால் நூல் அழிவது பழைய இழப்பு. ஏடு பழுதின்றி இருக்கவும் நூல் அழிவது நம் காலத்து இழப்பு.

இவ்விழப்பினை எதிர்கொள்ளும் முயற்சிகளுள் ஒன்று பின்னோக்குப் பொறியியல் எனப்படும். முடிந்த பொருளை ஆராய்ந்து, அது எவ்விதிகளின்படி ஆக்கப்பட்டது என்பதைப் பின்னோக்கி உய்த்துணர்தலே அதன் நெறி. துவிதத் தரவுக் கோப்புகளை இவ்வாறு ஆராய்வதற்கெனப் பல செய்நிரல் நூலகங்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் கொன்ஸ்ரக்ற், கைத்தாய் ஸ்ரக்ற் என்னும் இரண்டினை எடுத்துக்கொண்டு, வாசிப்பு என்னும் செயலை அவை எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளன என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவற்றின் வேகத்தையும் வசதியையும் ஒப்பிடுவது இங்கு கருதப்படவில்லை.

1. பொருள் மயக்கம்

துவிதக் கோப்பின் அடிப்படை அலகு பைற்று ஆகும். ஒரு பைற்று 0 முதல் 255 வரையான எண்களுள் ஒன்றைக் கொள்ளும். அவ்வெண் ஓர் எழுத்தைக் குறிக்கின்றதா, ஒரு நிறத்தைக் குறிக்கின்றதா, பெரியதோர் எண்ணின் ஒரு கூறாக நிற்கின்றதா என்பதைப் பைற்றே உணர்த்துவதில்லை. எடுத்துக்காட்டாக, 00 00 01 00 என நான்கு பைற்றுகள் அடுத்தடுத்து வருவதாகக் கொள்வோம். உயர்நிலைப் பைற்று முதலில் வரும் மரபின்படி இவற்றை ஒரே எண்ணாக வாசித்தால் 256 கிடைக்கும். தாழ்நிலைப் பைற்று முதலில் வரும் மரபின்படி வாசித்தால் 65536 கிடைக்கும். ஆனால் இந்நான்கு பைற்றுகளும் வின்டோஸ் படவுருக் கோப்பின் தொடக்கமாயின், இவ்விரு வாசிப்புகளும் பிழையாம். அங்கு முதலிரு பைற்றுகள் 0 என்னும் ஒதுக்கப்பட்ட எண்ணாகவும், அடுத்த இரண்டும் 1 என்னும் வகைக்குறியாகவும் அமையும். அவ்விடத்து 2 என்றிருப்பின் அது படவுருவாகாது சுட்டியின் வடிவமாகும்.

பைற்று வரிசை பற்றிய இவ்விரு மரபுகளுக்கும் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர்களை 1980 ஆம் ஆண்டில் டானி கோகென் தமது கட்டுரையொன்றில் வழங்கினார். முட்டையை எம்முனையில் உடைப்பது என்பதற்காகப் போரிட்ட மக்களைப் பற்றி ஜொனதன் சுவிவ்ற் 1726 இல் எழுதிய கதையிலிருந்தே அப்பெயர்கள் எடுக்கப்பட்டன. வேடிக்கையான பெயராயினும் அது சுட்டும் உண்மை ஆழமானது. இரண்டு மரபுகளுள் எதுவும் இயல்பானதன்று. எழுதுவோனும் வாசிப்போனும் ஒன்றனை ஏற்றுக்கொள்ளுதலே வேண்டப்படுவது.

தமிழ் ஆய்வாளருக்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பல பிரதிகளை ஒப்புநோக்கி, கொள்ளத்தக்க வாசிப்பைத் தெரிந்தெடுத்தனர். வரிவடிவத்தைக் கண்ணாற் காண்பதும் பாடத்தைத் துணிவதும் வெவ்வேறு செயல்கள் என்பது அவர்கள் பணியால் நாம் அறிந்த பாடமாகும். துவிதக் கோப்பினை ஆராய்வோனும் இவ்விரண்டினையும் வேறுபடுத்தியே ஆகவேண்டும்.

2. கட்டளையும் விவரணமும்

கோப்பொன்றை வாசிக்கும் செய்நிரலைக் கட்டளைகளின் தொடராக எழுதுவது பழைய வழக்கம். நான்கு பைற்றை எடு, அதனை எண்ணாக்கு, அவ்வளவு தொலைவு தாண்டு, மீண்டும் எடு என்றவாறு அது செல்லும். இத்தகைய செய்நிரலில் கோப்பின் அமைப்புப் பற்றிய அறிவு உண்டு. ஆயினும் அது வேறு பல கருமங்களுக்கிடையே கரைந்து கிடக்கும். பிறிதொருவர் அதிலிருந்து அவ்வறிவினைப் பிரித்தெடுப்பதற்குச் செய்நிரலையே பின்னோக்கி ஆராயவேண்டிய நிலை ஏற்படும்.

இதற்கு மாறாக, அமைப்பை மட்டும் தனியே விவரித்து, வாசிக்கும் செயலை அவ்விவரணத்திலிருந்து பெறுவது மற்றைய வழி. இக்கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1984 இல் சர்வதேச நியமமாக வெளிவந்த ஏ.எஸ்.என்.1 என்னும் குறிமுறை, தொடர்பாடலிற் பரிமாறப்படும் தரவுகளை விவரிப்பதற்கு ஏற்பட்டது. எனினும் அங்கு விவரணம் முந்தியது. தரவு அதனைப் பின்பற்றி ஆக்கப்படுவது. பின்னோக்குப் பொறியியலில் இம்முறை தலைகீழாகின்றது. தரவு முன்னரே உளது. அதற்கேற்ற விவரணம் பின்னர்த் தேடப்படுகின்றது. இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பெறப்படும் என்ற நம் மரபுக் கொள்கை இவ்விரண்டாம் வகைக்கே பொருந்துவதாம். கத்லீன் பிஷர், றொபேட் குறூபர் ஆகியோர் 2005 இல் அறிமுகப்படுத்திய பாட்ஸ் என்னும் விவரண மொழி, பிறர் ஆக்கிய ஒழுங்கற்ற தரவுகளை உள்ளவாறே விவரிப்பதைத் தன் நோக்கமாகக் கொண்டமையால் இவ்வகையில் முக்கியமான முன்னோடியாகும்.

கொன்ஸ்ரக்ற், பைதன் மொழிக்குள் இயங்கும் நூலகம். அதனைத் தொடக்கியவர் தோமர் பிலிபா. கோப்பின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பெயரும் ஒரு வகையும் தந்து, சிறு கூறுகளைச் சேர்த்துப் பெருங்கூறுகளை அமைப்பது அதன் முறை. ஒரே விவரணம் கோப்பை வாசிப்பதற்கும், கொடுக்கப்பட்ட மதிப்புகளைக் கொண்டு கோப்பை மீள ஆக்குவதற்கும் பயன்படும் என்பது அதன் தனிச்சிறப்பு.

கைத்தாய் ஸ்ரக்ற் 2016 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ளது. அதன் முதன்மை ஆசிரியர் மிகாயில் யக்சின். இது ஒரு மொழிக்குள் அடங்காது. யமல் என்னும் எளிய குறிமுறையில் விவரணம் எழுதப்படும்; தொகுப்பான் அவ்விவரணத்தைச் சீ பிளஸ் பிளஸ், ஜாவா, பைதன், ரூபி முதலிய பல மொழிகளிற் பாகுபடுத்திச் செய்நிரலாக மாற்றித் தரும். பலர் எழுதிய கோப்பமைப்பு விவரணங்கள் பொதுத் தொகுதியொன்றிற் சேர்த்து வைக்கப்பட்டுமுள்ளன.

விவரணத்தின் இயல்பை உணர்த்துவதற்குப் பி.என்.ஜி. படக்கோப்பு நல்ல உதாரணமாகும். 1996 இல் நியமமாக வெளியிடப்பட்ட இவ்வமைப்பு 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டுப் பைற்றுகளுடன் தொடங்கும். அதன் பின்னர்த் துண்டங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு துண்டமும் நான்கு பைற்று நீளம், நான்கு பைற்று வகைப்பெயர், நீளம் குறித்த அளவான தரவு, நான்கு பைற்றுச் சரிபார்ப்பெண் என நான்கு உறுப்புகளை உடையது. முதல் துண்டத்தின் தரவு 13 பைற்றுகள். படத்தின் அகலமும் உயரமும் அதிற் காணப்படும். இவ்வளவையும் இரு கருவிகளிலும் ஏறக்குறைய இதே சொற்சுருக்கத்துடன் எழுதிவிடலாம். துண்டத்தின் தரவு எவ்வளவு என்பதை முன்வந்த நீளத்தைச் சுட்டியே விவரணம் கூறும். கணனிக்கு எழுதப்பட்ட வாசகம் மனிதனும் வாசித்து விளங்கத்தக்கதாக அமைவது இங்கு கவனிக்கத்தக்கது.

3. மறுக்கத்தக்க வாசகம்

இக்கருவிகளைப் போற்றுவோர் பெரும்பாலும் உழைப்பு மிச்சமாவதையே எடுத்துரைப்பர். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றின் உண்மையான பயன் வேறிடத்தில் உளது. ஆய்வாளன் மனத்தில் இருந்த ஊகம் விவரணமாக எழுதப்பட்டவுடன், பிறர் சோதிக்கவும் மறுக்கவுந் தக்க வாசகமாகிவிடுகின்றது. ஐந்தாவது பைற்றிலிருந்து வருவது நீளம் என்று ஒருவர் எழுதினால், வேறு நூறு கோப்புகளை அவ்விவரணத்தால் வாசித்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் அது முறியுமாயின், எவ்வுறுப்பில் முறிந்தது என்பதும் தெரியவரும். கொன்ஸ்ரக்ற் பிழையறிவிக்கும்போது அவ்வுறுப்புக்குச் செல்லும் பெயர்வழியையும் சேர்த்துத் தருவது இவ்வகையில் மிகப் பயனுடையது. தனியொருவரின் கைத்திறனாக இருந்த ஒன்று பலர் கூடிச் செய்யும் ஆய்வாக மாறுவதற்கு இதுவே அடிப்படை.

விவரணத்தின் அவசியத்தைச் சமூக நோக்கிலும் காணல் வேண்டும். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழு இதற்குத் தக்க சான்று. இணையத்தின் பாதுகாப்பான தொடர்புகளுக்குப் பெரிதும் பயன்பட்ட ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில், தொடர்பு உயிருடன் உளதா எனச் சோதிக்கும் சிறு செய்தியொன்றுண்டு. செய்தியின் உள்ளடக்கம் எவ்வளவு நீளமானது என்பதை அனுப்புவோன் இரு பைற்றுகளிற் குறிப்பான். பெறுவோன் அவ்வளவைத் திருப்பியனுப்புவான். அனுப்பியவன் கூறிய நீளம் உண்மையில் வந்த செய்தியின் நீளத்துக்குள் அடங்குகின்றதா என்பதை அச்செய்நிரல் சரிபார்க்கவில்லை. அதனால் சிறு செய்தியை அனுப்பிப் பெரு நீளத்தைக் கோரியவர், கணனியின் நினைவகத்திலிருந்து ஒருமுறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைற்று வரையான அந்நியத் தகவல்களைப் பெற முடிந்தது. ஒரு நீளத்தை நம்பியதன் விளைவு இது.

கைத்தாய் ஸ்ரக்ற்றில் ஓர் உறுப்புக்கு அளவு வரையறுக்கப்பட்டால், அதனுள் அடங்கும் சிற்றுறுப்புகள் அவ்வெல்லையைத் தாண்டி வாசிக்கவியலாது. எல்லையைக் காப்பது ஒவ்வொரு செய்நிரலாளனின் விழிப்பிலும் தங்காது, விவரணத்தின் இயல்பாகவே அமைகின்றது. இது பெருஞ் சிறப்பேயாயினும், உள்ளுறுப்பு வெளியுறுப்புக்குள் அடங்கும் என்பதை விவரணம் எழுதுவோன் முதலில் உணர்ந்து எழுதியிருத்தல் வேண்டும். அவன் உணராததைக் கருவி உணர்ந்து கொள்வதில்லை.

4. கருவிகளின் குறைகள்

இனி இக்கருவிகளின் குறைகளை நோக்குவோம். அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, முறைவைப்புப் பற்றியது. இரு கருவிகளும் கோப்பு முதலிலிருந்து முடிவை நோக்கி வாசிக்கப்படும் என்பதை இயல்பான நிலையாகக் கொண்டுள்ளன. எல்லாக் கோப்புகளும் அவ்வாறு அமைவதில்லை. 1989 இல் பில் காட்ஸ் அறிமுகப்படுத்திய ஸிப் அமைப்பில், உள்ளடங்கிய கோப்புகளின் அட்டவணை இறுதியில் உள்ளது. அவ்வட்டவணையைச் சுட்டும் முடிவுக்கூறு 22 பைற்றுகள் கொண்டது. அதன் பின் 65535 பைற்றுகள் வரையான குறிப்புரையும் வரலாம். ஆகவே முடிவுக்கூறு எங்கே தொடங்குகின்றது என்பதைப் பின்னிருந்து தேடியே காணவேண்டும். முன்னிருந்து வாசிக்க முற்படின், சில கோப்புகளில் உள்ளடக்கத்தின் நீளம் தலைப்பில் 0 எனக் குறிக்கப்பட்டு, உண்மையான நீளம் உள்ளடக்கத்தின் பின்னரே தரப்பட்டிருக்கும். குறித்த இடத்துக்குத் தாவிச் செல்லும் வசதி இரு கருவிகளிலும் இருப்பினும், தேடுதல் என்னும் செயலை விவரணமாகக் கூறுவது எளிதன்று. ஈற்றில் ஆய்வாளன் விவரணத்தை விடுத்துக் கட்டளைகளுக்கே திரும்ப நேரிடுகின்றது. வாசிப்பு எங்குத் தொடங்கவேண்டும் என்பதும் வாசிப்பின் இலக்கணத்துள் அடங்கும் என்பதை இக்கருவிகள் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை.

இரண்டாவது குறை, சரிபார்ப்புப் பற்றியது. கைத்தாய் ஸ்ரக்ற் நெடுங்காலம் வாசிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. எழுதும் ஆற்றல் பின்னரே, அதுவும் சில மொழிகளுக்கு மட்டும், சேர்க்கப்பட்டது. கொன்ஸ்ரக்ற் தொடக்கத்திலிருந்தே இரு திசைகளிலும் இயங்குவதால், கோப்பை வாசித்து மீள எழுதி, பழையதும் புதியதும் பைற்றுக்குப் பைற்று ஒத்துள்ளனவா எனக் காண முடியும். இதனை விளக்கத்தின் உறுதியான சோதனையாகப் பலர் கொள்வர். நுனித்து நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறாது. கோப்பு முழுவதையும் பெயரற்ற ஒரே பைற்றுத் தொகுதியாக விவரிப்பவனும் இச்சோதனையிற் குறைவின்றித் தேறிவிடுவான்; அவன் அறிந்ததோ ஒன்றுமில்லை. சுவடியை ஒரு வரியும் விளங்காது வழுவின்றிப் படியெடுத்தவனை அதன் உரையாசிரியன் என்று நாம் கொள்வதில்லை.

விளக்கத்தின் சோதனை எதிர்வுகூறலில் உள்ளது. ஓர் உறுப்பை மாற்றினால் மூலச் செய்நிரல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டிக் கூறி, பின் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பி.என்.ஜி. கோப்பில் அகலத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் மாற்றினால், சரிபார்ப்பெண்ணை நோக்கும் செய்நிரல் அப்படத்தை ஏற்காது மறுக்கும். வகைப்பெயரிலிருந்தும் தரவிலிருந்தும் அவ்வெண் கணிக்கப்படுகின்றது என்பதை அறிந்தவனே இவ்விளைவை முன்னரே கூறுவான். வெறுமனே நான்கு பைற்று எண் என விவரித்தவனுக்கு இது வியப்பையே தரும்.

மூன்றாவது குறையே மிக முக்கியமானது. அது பெயரிடுதல் பற்றியது. விவரணத்தில் ஓர் உறுப்புக்குப் பெயர் தந்தவுடன், அப்பெயர் ஊகமாக இருந்தாலும் உண்மைபோலத் தோற்றமளிக்கத் தொடங்குகின்றது. ஆயிரம் கோப்புகளிற் சோதித்துத் துணிந்த உறுப்பும், ஒரேயொரு கோப்பைப் பார்த்து ஊகித்த உறுப்பும் விவரணத்தில் ஒரே தோற்றத்துடன் அருகருகே நிற்கும். பின்வருவோர் அவ்வேறுபாட்டை அறிய வழியில்லை. கைத்தாய் ஸ்ரக்ற் பெயரில்லாத உறுப்புகளையும் ஏற்றுக்கொள்கின்றது; அறியாததை அறியாதது என்றே விடுவதற்கு இடமளிக்கும் இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆதார ஆவணத்தைச் சுட்டவும் அதில் இடமுண்டு. எனினும் முற்றாக அறிந்ததற்கும் முற்றாக அறியாததற்கும் இடைப்பட்ட நிலைகளே ஆய்வில் மிகுதி. அவற்றைக் கூறுவதற்கு உரிய உறுப்பு இரு கருவிகளின் இலக்கணத்திலும் இல்லை.

கைத்தாய் என்னும் பெயரே இங்கு சிந்தனைக்குரியது. யப்பானிய மொழியில் அது கூறுகளாகப் பிரித்தலைக் குறிக்கும். அதே சொல்லைத் தலைப்பிற் கொண்டு 1774 இல் வெளிவந்த உடற்கூற்று நூல், சுகிதா கென்பாகு முதலியோர் டச்சு மொழியிலிருந்து பெயர்த்ததாகும். 1771 இல் அவர்கள் பிரேதப் பரிசோதனையொன்றைக் காணச் சென்றபோது டச்சு நூலின் படங்களை உடன் கொண்டு சென்று, படத்தையும் உடலையும் ஒப்பிட்டனர். ஒப்பிட்டுக் கண்ட பின்னரே மொழிபெயர்க்கத் துணிந்தனர். விவரணத்தை மூலத்துடன் ஒப்பிடும் இந்நெறியைக் கருவியும் தன் பெயருடன் சேர்த்துப் பேணுதல் பொருத்தமாகும். அன்றியும், உறுப்புகள் எங்குள்ளன என்று கூறும் உடற்கூற்றியல் உயிரின் இயக்கம் முழுவதையும் கூறிவிடுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

5. நம் ஆவணங்களின் நிலை

இவ்வாய்வு அயலார் துறையொன்றைப் பற்றியது எனத் தமிழ் மாணவர் ஒதுங்கிவிடலாகாது. 1985 இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர் என்னும் பக்கமாக்கும் மென்பொருளைக் கொண்டு இலங்கையிலும் தமிழகத்திலும் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக ஆக்கப்பட்டன. 1994 இல் அது அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பே அதன் இறுதிப் பெரும் பதிப்பு. அச்சுப்பிரதி கிடைக்காத நூலொன்றின் பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் எஞ்சியிருப்பின், அந்நூலின் வாழ்வு அக்கோப்பை வாசிக்கும் ஆற்றலிலேயே தங்கியுள்ளது. 2014 இல் தொடங்கிய ஆவண விடுதலைத் திட்டம் என்னும் பொது முயற்சியின் கீழ், இவ்வகைக் கோப்புகளை வாசிக்கும் செய்நிரல் நூலகமொன்று உளது. அது மேற்கூறிய இரு கருவிகளால் ஆனதன்று. நோக்கத்தால் அவற்றுக்கு உறவானது.

ஆனால் கோப்பின் அமைப்பை அறிந்த பின்னரும் தமிழ் வாசகம் வெளிப்பட்டுவிடாது. இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து பைற்றுகளாகவே இருக்கும். பொதுக் குறிமுறையில் இவை நான்கு உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாம். எழுத்துருவின் பெயரை அறிந்து, அதற்குரிய மாற்றட்டவணையைப் பயன்படுத்தினால் மட்டுமே அவை தமிழாகும். அமைப்பு ஒரு படி. வாசகம் அதற்கு மேலொரு படி. முதற்படியை ஏறுவதற்கு இக்கருவிகள் உதவும். இரண்டாம் படியை மொழியறிந்தவரே ஏறவேண்டும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கொன்ஸ்ரக்ற், கைத்தாய் ஸ்ரக்ற் ஆகிய இரண்டும் துவிதக் கோப்பின் வாசிப்பைக் கட்டளையிலிருந்து விவரணத்துக்கு உயர்த்தியுள்ளன என்பது தெளிவு. பலரும் அறிந்த கோப்புகளை விரைந்து வாசிக்க விரும்புவோர்க்கு இரண்டுமே போதுமானவை. ஆக்கமும் வாசிப்பும் ஒருங்கே வேண்டுவோர்க்குக் கொன்ஸ்ரக்ற் ஏற்றது. ஒருமுறை எழுதிய விவரணத்தைப் பல மொழியினரும் நெடுங்காலம் பயன்படுத்தல் வேண்டுமாயின் கைத்தாய் ஸ்ரக்ற்றே தக்கது. ஆவணக் காப்பகங்கள் பின்னதையே நாடுதல் நலம்; ஏனெனில் அதன் விவரணம் எச்செய்நிரல் மொழியின் ஆயுளுடனும் பிணைக்கப்படவில்லை.

ஆயினும் மறைந்த அமைப்புகளை மீட்க முனைவோர்க்கு இப்போதைய நிலை போதாது. ஒவ்வோர் உறுப்பையும் துணிந்தது, ஊகித்தது, அறியாதது என வகுத்துக் குறித்தல் வேண்டும். அத்துணிவு எக்கோப்புகளிலிருந்து பெறப்பட்டது, எம்மாற்றத்தால் சோதிக்கப்பட்டது என்பனவும் விவரணத்துடன் செல்லல் வேண்டும். கைத்தாய் ஸ்ரக்ற்றின் தொகுப்பான் தான் பொருட்படுத்தாத தனிக்குறிப்புகளை விவரணத்தில் இட அனுமதிப்பதால், இவ்வழக்கத்தை இன்றே தொடங்கலாம். புதிய கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல பதிப்பாசிரியன் தான் கொண்ட பாடத்தை மட்டுமன்றித் தான் தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பில் வைத்துச் செல்வான். பின்வருவோன் அவனை மறுப்பதற்கும் அவன் வழியே மேற்செல்வதற்கும் அக்குறிப்பே துணையாகின்றது. துவிதக் கோப்பின் பதிப்பாசிரியரிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது அதுவேயாகும்.